தோட்டக் கோயில் திருவிழாவுக்கு நாள் எண்ணுவது எப்படி?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் இளைஞர் குழு கேட்டிருப்பது இது. அவர்களுடையது சிறிய அந்தோனியார் கோயில். பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டதால் 2026 ஜூன் திருவிழாவை முதல் தடவையாகப் பையன்கள் பொறுப்பெடுக்கிறார்கள். கொடியை 3ஆம் திகதி ஏற்றுவதா 4ஆம் திகதியா என்று லயத்துக்கு லயம் வாக்குவாதம். 13ஆம் திகதி பூசை வைக்க முடியாது, 14ஆம் திகதி ஞாயிறு வைத்துக்கொள்ளலாம் என்று பாதர் சொல்லிவிட்டார். "புனிதருடைய நாளையே மாற்றலாமா?" என்று வயதானவர்கள் கோபப்படுகிறார்கள். செபஸ்தியார், சூசையப்பர் கோயில்களுக்கும் இதே கணக்குத்தானா என்பது கடைசிக் கேள்வி.

மாற்றலாம். ஆனால் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

முதலில் 13ஆம் திகதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். புனிதர்களின் திருநாள் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாள், அதாவது விண்ணகத்தில் பிறந்த நாள். அந்தோனியார் 1195இல் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாண்டோ. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோனி என்ற பெயரை எடுத்தார். 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, இத்தாலியின் பதுவா நகருக்கு வெளியே காலமானார். அடுத்த செவ்வாய், 17ஆம் திகதி, அடக்கம் நடந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் சொல்லும் அந்தோனியார் நவநாள் செபத்துக்கு வேர் அந்த அடக்க நாள்தான். ஒரு வருஷம்கூட முடியவில்லை, 1232 மே 30இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டார்.

உலகத் திருச்சபை நாட்காட்டியில் ஜூன் 13 வெறும் "நினைவு" மட்டுமே. நாட்காட்டியில் பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்று நான்கு படிகள் உண்டு. அந்தோனியார் நிற்பது மூன்றாவது படியில். ஆனால் அவர் பெயரில் ஆசீர்வதிக்கப்பட்ட கோயிலுக்குள் மட்டும் அந்த நாள் பெருவிழாவாக உயர்கிறது. பக்கத்துத் தோட்டத்து மாதா கோயிலில் அதே நாள் நினைவாகவே இருக்கும். கண்டி மேற்றிராசனக் கோயிலும் (ஆயரின் தலைமைக் கோயில்) அந்தோனியார் பெயரில்தான் இருக்கிறது. அங்கே என்ன தரமோ அதே தரம்தான் உங்கள் தகரக் கூரைக் கோயிலுக்கும். சந்தியில் கட்டிய கெபிக்கு (சிறு சொரூபக் கூடு) இது பொருந்தாது. கெபியில் செபமாலை சொல்லலாம், மெழுகுதிரி ஏற்றலாம், பெருவிழாத் தரம் கிடையாது.

இந்தப் படிக்கணக்கு 2026இல் நன்றாகவே வேலை செய்யப்போகிறது. அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 5. அதிலிருந்து எண்ணினால் 63ஆம் நாளான ஜூன் 7, ஞாயிறு, கிறிஸ்துவின் திருவுடல் திரு இரத்தப் பெருவிழா. 68ஆம் நாளான ஜூன் 12, வெள்ளி, இயேசுவின் திரு இருதயப் பெருவிழா. மறுநாள் சனி, ஜூன் 13, மரியாவின் மாசற்ற இதய நினைவு. மூன்றும் உங்கள் நவநாளோடும் (திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் செபம்) திருநாளோடும் முட்டுகின்றன. மாசற்ற இதயம் நினைவு என்பதால் உங்கள் கோயிலில் அந்தோனியாருக்கு வழிவிடும். மற்ற இரண்டும் ஆண்டவருடைய பெருவிழாக்கள். அவற்றுக்கு அந்தோனியார்தான் வழிவிட வேண்டும். ஆகவே 7ஆம் திகதியும் 12ஆம் திகதியும் பூசை அந்தந்தப் பெருவிழாவுக்கு உரியது. அந்தோனியார் நவநாள் செபத்தைப் பூசை முடிந்தபின் சொல்லுங்கள். பாடகர் குழு இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரு இருதயப் பூசையின் வருகைப் பாடலாக அந்தோனியார் பாட்டு எழும்பும், பாதர் பீடத்தில் நின்று முழிப்பார்.

12ஆம் திகதி மாலை வெஸ்பருக்கும் இதே பதில்தான். வெஸ்பர் என்றால் முறைப்படி மாலைச் செபம். தோட்டங்களில் அந்தப் பெயரில் நடப்பது பெரும்பாலும் நற்கருணை ஆராதனையும் ஆசீரும். திரு இருதயப் பெருவிழா அன்று ஆராதனை வைப்பதைவிடப் பொருத்தம் வேறில்லை. திரு இருதய மன்றாட்டு மாலையைச் சொல்லி ஆராதனையை முடித்து, அதன்பின் அந்தோனியார் நவநாளின் ஒன்பதாம் நாளை நிறைவு செய்யுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: வெள்ளிக்கிழமை பெருவிழா விழுந்தால் அன்று இறைச்சி ஒறுத்தல் கட்டாயமில்லை. அன்றிரவு தோரணம் கட்டுகிற பையன்களுக்குச் சமைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இனிக் கொடி. நவநாள் என்றால் திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள். திருநாள் அதில் சேராது. இதை மறந்து திருநாளையும் சேர்த்து ஒன்பது எண்ணுகிறவர்கள்தான் ஒரு நாள் பிந்திவிடுகிறார்கள். கணக்கு எளிது: திருநாள் திகதியில் ஒன்பதைக் கழியுங்கள். 13இல் 9 போனால் 4. முதல் நவநாள் ஜூன் 4, கடைசி ஜூன் 12. செபஸ்தியாருக்கு ஜனவரி 11, சூசையப்பருக்கு மார்ச் 10, டிசம்பர் 3இல் வரும் சவேரியாருக்கு நவம்பர் 24.

அப்படியானால் 3ஆம் திகதி என்று சொல்பவர்கள் பிழையா? இல்லை. கொடியை முதல் நவநாள் அன்றே ஏற்றும் வழக்கமும் உண்டு, அதற்கு முந்திய நாள் மாலையே ஏற்றிவிட்டு மறுநாளில் இருந்து ஒன்பது எண்ணும் வழக்கமும் உண்டு. வேளாங்கண்ணியில் செப்டெம்பர் 8 திருநாளுக்கு ஆகஸ்ட் 29இல் கொடி ஏறுவது இரண்டாவது வகை. உங்கள் கோயிலில் முன்பு எப்படி நடந்ததோ அப்படியே செய்யுங்கள். பழைய நோட்டீஸ் ஒன்று யாரிடமாவது இருக்கும். சண்டைக்குப் பதில் அதைத் தேடுங்கள்.

பதின்மூன்று செவ்வாய் பக்தி வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. 2026இல் திருநாளுக்கு முந்திய கடைசிச் செவ்வாய் ஜூன் 9. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் முதல் செவ்வாய் மார்ச் 17. அது தவக்காலம். மூன்றாவது செவ்வாய் மார்ச் 31, பரிசுத்த வாரத்துக்குள் விழுகிறது. நான்காவது ஈஸ்டர் வாரத்தில். அந்த நாட்களில் அந்தோனியார் பெயரில் தனிப் பூசை கேட்க வேண்டாம். நவநாள் செபத்துக்கு மட்டும் தடையில்லை.

பாதர் ஏன் 14ஆம் திகதியைச் சொல்கிறார் என்பதற்கு வருவோம். மலையகப் பங்குகளில் ஒரு பாதரின் கையில் பல தோட்டக் கோயில்கள் இருக்கும். அவற்றில் இரண்டு மூன்று அந்தோனியார் கோயிலாக இருந்தால் எல்லோருக்கும் 13 காலை எட்டு மணி வேண்டும். ஒருவர் எத்தனை மலை ஏறுவார்? இதற்குத் திருச்சபைச் சட்டமே வழி விட்டிருக்கிறது. பொதுக்கால ஞாயிறாக இருந்தால், கோயிலின் பாதுகாவலர் பெருவிழாவை அந்த ஞாயிறுக்குக் கொண்டுபோகலாம். 2026 ஜூன் 14 பொதுக்கால ஞாயிறுதான். ஆகவே பாதர் சொன்னது முற்றிலும் முறையானது. திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்கா கால ஞாயிறுகளில் மட்டும் இப்படிச் செய்ய முடியாது.

பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல இரண்டு உதாரணம் போதும். உலகத் திருச்சபை அன்னம்மாளை ஜூலை 26இல் நினைக்கிறது. தலவில அன்னம்மாள் திருவிழாக்களோ மார்ச்சிலும் ஆகஸ்டிலும். மடுவில் ஜூலை 2 கொண்டாடுவது மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழாவின் பழைய நாள். 1969 நாட்காட்டித் திருத்தத்தில் அது மே 31க்கு நகர்ந்தது, மடு நகரவில்லை. ஒன்றில் இடம் நாளை மாற்றியது, மற்றதில் நாள் மாறியும் இடம் மாறவில்லை.

ஆனாலும் 14க்குப் போனால் 13ஆம் திகதியை வெறுமனே விட்டுவிடாதீர்கள். அன்று காலை செபமாலை, நவநாள் செபம், அப்பம் ஆசீர்வதித்திருந்தால் அதை வழங்குதல், இவை போதும். அல்லது பாதரிடம் 13 சனி மாலைப் பூசைக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கோயிலில் பாதுகாவலர் பெருவிழா பொதுக்கால ஞாயிறுக்கு மேற்பட்டது என்பதால், சனி மாலையிலும் அந்தோனியார் பூசையே வைக்கலாம். அதில் பங்கெடுத்தவர்களுக்கு ஞாயிறு கடனும் தீர்ந்துவிடும். ஒரே பூசையில் இரண்டும் முடியும் என்று பலருக்குத் தெரியாது.

பெருவிழாப் பூசை என்பதால் "உன்னதங்களிலே" கீதமும் விசுவாசப் பிரமாணமும் உண்டு, வாசகம் இரண்டு. கிழமை நாளில் வைத்தாலும் அப்படித்தான். வாசகர் ஒருவரை மட்டும் ஆயத்தப்படுத்திவிட்டு இரண்டாம் வாசகத்துக்கு ஆள் தேடுவது அடிக்கடி நடக்கிற கூத்து. உடை நிறம் வெள்ளை. செபஸ்தியார் வேதசாட்சி, அவருக்குச் சிவப்பு. கொடித் துணியையும் இதே நிறத்தில் எடுத்தால் குழப்பமில்லை.

பெனர் அடிப்பதில் ஒரு எச்சரிக்கை. அந்தோனியார் இரண்டு பேர். உங்களுடையவர் பதுவை அந்தோனியார்: தாடி இல்லாத இளம் முகம், பிரான்சிஸ்கன் அங்கி, இடுப்பில் முடிச்சுக் கயிறு, கையில் குழந்தை இயேசு, லீலி மலர். மற்றவர் வனத்து அந்தோனியார், எகிப்துப் பாலைவனத் துறவி, திருநாள் ஜனவரி 17: நீண்ட வெள்ளைத் தாடி, ஊன்றுகோல், மணி, காலடியில் பன்றி. பிரிண்ட் கடைக்காரர் இணையத்தில் கிடைத்த முதல் படத்தைப் போட்டுவிடுவார். அச்சுக்குப் போகுமுன் படத்தை நீங்களே கொடுங்கள். பன்றியோடு பெனர் தொங்கிய பிறகு வருந்திப் பயனில்லை.

கொடிமரத்துக்கு மூங்கிலோ ஜீ.ஐ. பைப்போ எதுவானாலும், இருபது அடி உயரத்துக்கு மூன்று அடியாவது குழி வேண்டும். ஜூன் மழையில் மலைச் செம்மண் களியாகிவிடும், மண்ணை மட்டும் போட்டு மூடினால் மூன்றாம் நாளே மரம் சாயும். குழிக்குள் கல் அடுக்கி இறுக்கி, மூன்று பக்கம் இழுகயிறு கட்டுங்கள். கப்பியில் தும்புக் கயிறு வேண்டாம்; நனைந்தால் உப்பிக் கப்பிக்குள் சிக்கும். நைலோன் கயிறு எடுங்கள், இரண்டு முனையையும் முடிந்து வளையமாக ஓட விடுங்கள். கொடியை மேல் மூலையில் ஒன்றும் கீழ் மூலையில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் கட்டினால் காற்றில் கயிறோடு சுற்றிக்கொண்டு கந்தல் மாதிரி தொங்கும்.

பூ வைத்துச் சுருட்டி, உச்சியில் விரிக்கிற கொடியென்றால் இன்னும் கவனம். வழக்கமாகச் சுருக்கு முடிச்சுப் போடுவார்கள். நனைந்த துணியில் அது இறுகிக்கொள்ளும். பாதர் இழுப்பார், கூட்டம் கைதட்டக் காத்திருக்கும், கொடி உருண்டையாகவே நிற்கும். முடிச்சுக்குப் பதில் தையல் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி விடுங்கள். ஒரு சொடுக்குக்கு அறுந்துவிடும். முதல் நாள் மாலை கொடியைத் தண்ணீரில் நனைத்து ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். காய்ந்த கொடியில் ஒத்திகை பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

தேர்ப்பவனி. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலை பக்கம் ஜூன் என்றாலே தென்மேல் பருவமழை. அதே ஜூனில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஆகவே ஊவாவில் இருக்கும் சொந்தக்காரர் தோட்டத்துப் பவனி வீடியோவைப் பார்த்து அளவெடுக்காதீர்கள். பெரிய சுற்று, சிறிய சுற்று என்று இரண்டு பாதை குறித்து வைத்து, மாலை நான்கு மணிக்கு வானத்தைப் பார்த்து எது என்று ஒரே ஆள் முடிவு சொல்லட்டும். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் கோயில் முற்றத்தைச் சுற்றி வந்தால் போதும். சாந்துச் சொரூபம் (பிளாஸ்டர்) நனைந்தால் முதலில் வர்ணம் கொப்பளிக்கும், பிறகு விரல்களும் லீலித் தண்டும் உடையும். கண்ணாடிப் பொலித்தீனால் தலையில் இருந்து மூடுங்கள், அடிப்பக்கம் காற்றுப் போக விடுங்கள். கட்டும்போது துணியால் இடுப்பில் கட்டுங்கள். கழுத்தில் கட்டினால் ட்ரெக்டர் குலுங்கும்போது விரிசல் அங்கேதான் விழும். தேர் உயரத்தைப் பாதையில் குறுக்கே போகிற மின்கம்பியோடு ஒப்பிட்டுப் பகலிலேயே ஒருதரம் நடந்து பாருங்கள். கம்பியைத் தடியால் தூக்கிவிட்டுத் தேரை நகர்த்தும் வேலையே கூடாது. வயர் மூட்டுகள் தரையில் கிடக்கக் கூடாது, பொலித்தீன் சுற்றித் தொங்கவிட வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் மல்டிபிளக் ஒன்றில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள்.

ஒலிபெருக்கிக்கும் பாதையில் பவனி போவதற்கும் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், விடியப்புறம் ஐந்து மணிக்குப் பாட்டுப் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். தோட்டத்து ரோட்டுக்கு நிர்வாகத்திடம் தனியாகக் கடிதம்.

அன்னதானத்துக்குப் பெரியவர் ஒருவருக்குப் பச்சையாக 125 முதல் 150 கிராம் அரிசி. 200 பேருக்கு 25 கிலோ அடிமட்டம், 30 கிலோ நிம்மதி. மற்ற மதத்து அயலவர்களும் வந்து உட்காருவார்கள், மரக்கறிச் சாப்பாடுதான் சரி. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகை அளவில். பருப்பும் கடலையும் வேக நேரம் எடுக்கும். கடலையை முதல் நாள் மாலையே ஊறப்போடுங்கள். அந்தோனியார் அப்பமாக பணிஸ் வாங்குவதென்றால் சூடு ஆறியபின் பை கட்டச் சொல்லுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்து, அந்த ஈரக் குளிரில் இரண்டாம் நாளே பூஞ்சணம். சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதியை ஒட்டி வருவதால், பணம் சேர்ப்பதை மே சம்பளத்திலேயே முடித்துவிடுங்கள். ஜூன் சம்பளத்தை நம்பினால் கொடி ஏறி ஆறு நாள் ஆகியிருக்கும்.

மற்றக் கோயில்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செபஸ்தியார் ஜனவரி 20. மூன்றாம் நூற்றாண்டு ரோமை வேதசாட்சி. அம்பெய்தும் சாகாமல் பிழைத்து, பிறகு தடியால் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது மரபு. கொள்ளைநோய்க்குப் பாதுகாவலர். அவர் நாள் ஒருபோதும் தவக்காலத்தில் விழாது, நாட்காட்டிச் சிக்கல் குறைவு. அவருடைய நவநாளுக்குள் பொங்கல் வரும், அன்றைய நேரத்தை முன்னே பின்னே வையுங்கள். ஆறாம் நாள் ஜனவரி 16, புனித யோசேப் வாஸ் அடிகளாரின் திருநாள். அவர் நம் மலைக்கே உரியவர். கோவாவில் 1651இல் பிறந்து, ஒல்லாந்தர் தடை இருந்த காலத்தில் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். கண்டியில் ஒற்றன் என்று சிறை வைக்கப்பட்டார். 1697இல் அங்கே பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளைப் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். அந்த ஆறாம் நாளை அவருக்கே கொடுத்துவிட்டு, நவநாள் செபத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

சூசையப்பர்தான் சிக்கலானவர். மார்ச் 19 எப்போதும் தவக்காலத்துக்குள் மாட்டும். ஞாயிறில் விழுந்தால் மறுநாளுக்கு நகரும். 2023இல் அப்படித்தான் 20ஆம் திகதி, 2028இலும் அதேதான். பரிசுத்த வாரத்துக்குள் விழுந்தால் முன்னுக்கே வரும். 2008இல் மார்ச் 15இல் கொண்டாடினார்கள். அந்தக் கோயில்காரர்கள் ஈஸ்டர் திகதியைப் பார்க்காமல் நோட்டீஸ் அடிக்கவே கூடாது. மே 1 தொழிலாளரான சூசையப்பர் நாள், பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்தியது. நமக்கு மிகப் பொருத்தமான நாள்தான், ஆனால் பாதித் தோட்டம் மேதினக் கூட்டத்துக்கு பஸ் ஏறியிருக்கும், ஆகவே காலைப் பூசையே உசிதம்.

கொடியிறக்கத்தைத் திருநாள் மாலையோ மறுநாளோ வையுங்கள். இறக்கிய கொடியை ஈரத்தோடு மடிக்காமல், அடுப்படிச் சூட்டில் நன்றாகக் காயவிட்டு வையுங்கள். அது 2027 ஜூன் 4இல் மறுபடி ஏற வேண்டும். அந்த வருஷம் 13ஆம் திகதியே பொதுக்கால ஞாயிறு, நாளை நகர்த்தும் பேச்சே எழாது. ஆனால் கொடியேறும் 4ஆம் திகதி வெள்ளி, திரு இருதயப் பெருவிழா. பாதரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.